முல்லைக்கொடியில் சிக்கிய யானை
புழல் கோட்டம்: ஊரும் வரலாறும் – 9

சென்ற பகுதியை அம்பத்தூரில் நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து ஆவடிப் பக்கம் போகும் மின்சார ரயிலில் அடுத்த நிறுத்தம் திருமுல்லைவாயில். சி.டி.எச். சாலையில் போகிறவர்களுக்கு அது ஷேர் ஆட்டோ நிற்கும் ஓர் இடம். உள்ளே ஊருக்குள் மாசிலாமணீசுவரர் கோயில் இருக்கிறது. இந்த மேற்குப் புறநகர் முழுவதற்கும் ஒரு தாய்க்கதை உண்டென்றால் அது இந்தக் கோயிலுடையதுதான். இந்த வாரம் அதை எடுத்துக்கொள்வோம்.

வரலாற்றுத் தொடரில் தல புராணத்துக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் முகம் சுளிப்பார்கள். தல புராணத்திடம் ‘இது நடந்ததா?’ என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ‘இதை முதலில் யார் சொன்னது? அப்போது எவ்வளவு சொன்னார்கள்? பிறகு வந்தவர்கள் எதைச் சேர்த்தார்கள்?’ என்று கேட்டால் நிறையக் கிடைக்கும். அப்படிக் கேட்டுப் பார்ப்பதற்கு இந்தக் கோயிலைவிட நல்ல இடம் சென்னைக்குப் பக்கத்தில் இல்லை.

முதலில் கதை, ஊரில் இன்று சொல்கிறபடியே.

புழலில் கோட்டை கட்டிக்கொண்டு ஓணன், வாணன் என்ற இரண்டு குறும்பர் தலைவர்கள் ஆண்டுவந்தார்கள். தொண்டைமான் சக்கரவர்த்தி அவர்கள்மேல் படையெடுத்து வந்தான். முதல் மோதலில் அவனுக்குத் தோல்வி. பின்வாங்கி ஒரு காட்டோரம் தங்கியவன், இரவில் எங்கிருந்தோ கோயில் மணியோசை கேட்டு, அதைத் தேடி யானைமேல் ஏறிப் புறப்பட்டான். வழியெல்லாம் முல்லைப் புதர். யானையின் காலைக் கொடி சுற்றிக்கொண்டது. அரசன் மேலே இருந்தபடியே வாளை ஓங்கி வெட்டினான். கொடி அறுந்த இடத்தில் ரத்தம் பீறிட்டது. இறங்கி விலக்கிப் பார்த்தால் மண்ணிலே ஒரு லிங்கம், அதன் தலையில் வாள் பட்ட வெட்டு. பதறிப்போய் அதே வாளால் தன் கழுத்தை அறுத்துக்கொள்ளத் துணிந்தவனை ஈசன் தடுத்தார். வெட்டுப்பட்டாலும் நான் மாசில்லாத மணியாகவே இருப்பேன் என்றார். துணைக்கு நந்தியையும் அனுப்பினார். குறும்பர் தோற்றார்கள். அவர்கள் கோட்டையிலிருந்து கொண்டுவந்த இரண்டு வெள்ளெருக்குத் தூண்களைச் சந்நிதிக்கு முன் நட்டு, அரசன் கோயிலைக் கட்டினான்.

இந்தக் கதையின் ஒவ்வொரு வரிக்கும் கோயிலுக்குள் ஒரு சாட்சி வைத்திருக்கிறார்கள். பொதுவாகச் சிவன் கோயில்களில் சுவாமியைப் பார்த்தபடி இருக்கும் நந்தி, இங்கே சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்க்கிறது. போருக்குப் புறப்பட்ட கோலம் என்பார்கள். வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டும் நிற்கின்றன. எருக்கு, தண்டவாளத்தோரம் தானாக முளைக்கிற குற்றுச்செடி. அது தூணாகும் அளவுக்குப் பருக்குமா என்று வருகிறவர்கள் எல்லாரும் ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறார்கள். லிங்கத்தின் தலை வெட்டுக்கு மருந்தாக ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. சித்திரை மாதம் சதய நட்சத்திரத்தில் பழைய சந்தனத்தைக் களைந்து, புதிதாகச் சாத்துவதற்கு முன் சுவாமியை உள்ளபடியே காட்டுகிறார்கள். அந்த ஒரு தரிசனத்துக்காகச் சித்திரை வெயிலில் வரிசை கோபுரத்துக்கு வெளியே நீள்கிறது. வைகாசியில் பிரம்மோற்சவமும் மாசியில் தெப்பமும் உண்டுதான். ஆனாலும் ஊர்க்காரர்கள் ஆண்டைக் கணக்குப் பார்ப்பது சதயத்தை வைத்துத்தான்.

இனி நம் கேள்விக்கு வருவோம். இந்தக் கதையை முதலில் சொன்னவர் யார்?

கையில் கிடைக்கும் மிகப் பழைய சாட்சி சுந்தரர். காலம் 8ஆம் நூற்றாண்டு. திருவொற்றியூரில் தாம் மணந்த சங்கிலியாருக்குப் பிரியமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறி எல்லை தாண்டியதும் அவருக்குப் பார்வை போனது. கண் தெரியாமல் தடவித் தடவி வந்தவர் திருமுல்லைவாயிலில் ஒரு பதிகம் பாடினார். சங்கிலிக்காக என் கண்ணை எடுத்துக்கொண்டாயே என்று அதிலேயே ஈசனிடம் முறையிடுகிறார். (இங்கிருந்து அவர் போன திருவெண்பாக்கத்தில் ஈசன் ஊன்றுகோல் ஒன்றைக் கொடுத்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. அந்தப் பழைய கோயில் இருந்த இடம் 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலைக் கரைக்கு மாற்றிக் கட்டினார்கள்.) நமக்கு வேண்டியது அந்தப் பதிகத்தின் பிற்பகுதியில் வரும் ஒரு பாட்டு. தொண்டைமானின் யானையை முல்லைக்கொடியால் கட்டிப்போட்டு, அவன் எல்லையில்லாத இன்பம் அடையும்படி வெளிப்பட்டவன் நீ என்கிறார் சுந்தரர்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். தொண்டைமான் இருக்கிறான், யானை இருக்கிறது, முல்லைக்கொடி இருக்கிறது. வாள் இல்லை. ரத்தம் இல்லை. ஓணனும் வாணனும் இல்லை, போரும் இல்லை. நந்தி எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்ற பேச்சே இல்லை. இன்னொரு வேறுபாடும் உண்டு. இன்றைய கதையில் யானைக்காலில் கொடி சிக்குவது ஒரு விபத்து. சுந்தரரிடம் அது ஈசனின் செயல். அவரே கட்டிப்போடுகிறார், அரசனுக்குக் கிடைப்பது இன்பம் மட்டும்.

ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கதையின் கரு ஊரில் வழங்கியது என்பது இதனால் உறுதி. வாளும் ரத்தமும் அப்போதே சொல்லப்பட்டிருக்கலாம், சுந்தரர் விட்டிருக்கலாம் என்று வாதாட இடமுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தானே கண்ணை இழந்து துடித்துக்கொண்டிருந்தவர், ஈசன் தலையிலேயே வெட்டு விழுந்த கதையைக் கேட்டிருந்தால் அதைத் தொடாமல் போயிருக்கமாட்டார். தலையில் வடுவோடு இருக்கும் லிங்கத்தைப் பார்த்தவர்கள் ‘இது எப்படி வந்தது?’ என்று கேட்கக் கேட்க, அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் வாள் என்பது என் துணிபு.

சடங்குக்குப் பின்னால் கதை வந்து சேருவது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பிரான்ஸின் வடக்கே ருவான் என்று ஒரு பழைய பேராலய நகரம். 7ஆம் நூற்றாண்டில் அங்கே ரொமான் என்ற ஆயர் இருந்தார். ஊரை அழித்துக்கொண்டிருந்த ஒரு டிராகனை அவர் அடக்கப் போனபோது உடன்வரத் துணிந்தவன் மரண தண்டனைக் கைதி ஒருவன் மட்டுமே என்றும், அதன் நினைவாக ஆண்டுதோறும் ஏசு விண்ணேறிய திருநாளில் பேராலயக் குருமார் ஒரு கைதியை விடுதலை செய்யும் உரிமை பெற்றார்கள் என்றும் அங்கே சொல்வார்கள். விடுதலையாகிறவன் புனிதரின் எலும்புப் பேழையை எல்லார் முன்னிலையிலும் தோளுக்குத் தூக்க வேண்டும். 1790 வரை இது நடந்தது. ஆவணங்களைத் தேடிப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை அகப்பட்டது. கைதியை விடுவிக்கும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவாகியிருக்கிறது. டிராகன் கதை எழுத்தில் வருவது 14ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். உரிமை முதலில் இருந்தது. அது ஏன் உங்களுக்கு என்று அரசு அதிகாரிகள் கேட்டபோது, டிராகன் வந்து பதில் சொன்னது.

நம் தொண்டைமானிடம் திரும்புவோம். குறும்பர் எப்போது கதைக்குள் வந்தார்கள்?

கர்னல் காலின் மெக்கன்சி 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரானவர். அவரும் அவருடைய உதவியாளர்களும் ஊர் ஊராகப் போய் முதியவர்கள் சொன்ன செய்திகளை எழுதி வாங்கினார்கள். அந்தச் சுவடிகளில் புழல் குறும்பர் வரலாறும் ஒன்று. ஆடு மேய்த்தவர்கள், வணிகம் செய்தவர்கள், 24 கோட்டைகள் கட்டி ஆண்டவர்கள், சமணத்தைத் தழுவியவர்கள் என்று அது குறும்பரைப் பற்றிச் சொல்கிறது. புழலில் ஆதிநாதருக்கு ஒரு சமணக் கோயில் இன்றும் இருக்கிறது என்பதால் இதை அடியோடு தள்ளிவிட முடியாது. அவர்களை வென்றவன் ஆதொண்டைச் சக்கரவர்த்தி. அவன் குலோத்துங்க சோழனுக்கும் ஓர் ஆடல் மகளுக்கும் பிறந்தவன் என்கிறது அதே சுவடி. யானை, முல்லைக்கொடி, வாள், ரத்தம் எல்லாம் அதில் வருகின்றன. தோற்ற அரசன் ஒதுங்கிய இடம் சோழன்பேடு என்று குறிப்பும் உண்டு. திருமுல்லைவாயிலில் சோழம்பேடு சாலையில் வீடு வாங்கியிருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். 1893இல் குஸ்தாவ் ஓப்பர்ட் தம் நூலில் இந்தச் செய்தியை விரிவாக எடுத்து எழுதிய பிறகு, ஆதொண்டை குலோத்துங்கனின் மகன் என்பது பலருக்கு வரலாறாகவே ஆகிவிட்டது.

கணக்கு இங்கேதான் இடிக்கிறது. முதலாம் குலோத்துங்கன் ஆண்டது 1070 முதல் 1120 வரை. அவனுடைய மகனின் யானையைப் பற்றி, அவனுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முன்பு வாழ்ந்த சுந்தரர் எப்படிப் பாடியிருப்பார்? ஒன்று சுந்தரரை இறக்க வேண்டும், அல்லது ஆதொண்டையை ஏற்ற வேண்டும். சுந்தரரை அசைக்க முடியாது. எனவே குலோத்துங்கன் மகன் என்ற பேச்சைக் கைவிட வேண்டியதுதான். தொண்டைமான் என்பது தொண்டை நாட்டை ஆண்டவர்களுக்கெல்லாம் பொதுவான பட்டம். சங்க காலத்து இளந்திரையனும் தொண்டைமான்தான். முல்லைவாயில் தொண்டைமான் சுந்தரர் காலத்திலேயே பழங்கதையாகிவிட்ட ஓர் அரசன். பின்னாளில் சோழர் கொடி இங்கே ஏறிய பிறகு, பழைய அரசனுக்குச் சோழர் வீட்டில் ஒரு தகப்பனைத் தேடிக் கொடுத்துவிட்டார்கள்.

சோழர் இந்தக் கோயிலைக் கொண்டாடினார்கள் என்பதில் ஐயமில்லை. உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவியின் கொடையைச் சொல்லும் கல்வெட்டு இங்கே உண்டு. யானையின் பின்புறம்போல வளைந்த தூங்கானை மாட விமானம் இங்கும் பாடி திருவலிதாயத்திலும் இருப்பதைப் பார்க்கலாம். தொண்டை மண்டலத்துக் கோயில்களில் அடிக்கடி காணும் வடிவம் அது.

இந்தக் கதையில் எனக்கு நெருடுவது ஒன்று. திருவிழாக்களில் வென்றவனுக்குத்தான் இடம். குறும்பரின் தரப்பைச் சொல்ல இன்று யாரும் இல்லை. அவர்கள் ஆண்டதற்கு இந்தக் கோயிலில் எஞ்சியிருக்கும் அடையாளம், அவர்களை வென்றதன் சின்னமாக நட்டுவைத்த அந்த இரண்டு தூண்கள்தான். அடுத்த முறை போகிறவர்கள் எருக்கு பருக்குமா என்று யோசித்த பிறகு, அது யார் வீட்டுத் தூண் என்றும் ஒரு கணம் யோசிக்கலாம்.

அம்மன் கொடியிடை நாயகி. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வரும் நாளில் காலையில் மீஞ்சூர் அருகே மேலூரில் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூரில் வடிவுடையம்மன், மாலையில் இங்கே கொடியிடையம்மன் என்று மூன்று பேரையும் ஒரே நாளில் பார்ப்பது வடசென்னைப் பெண்களிடையே பெரிய வழக்கம். மூன்று சிலைகளையும் வடித்தவர் ஒரே சிற்பி என்பது அதற்குச் சொல்லும் கதை. ஒரே நாளில் மூன்று ஊர் என்பது ரயிலும் பஸ்ஸும் வந்த பிறகு சூடு பிடித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். கால்நடையாகவோ மாட்டுவண்டியிலோ அந்தத் தூரத்தை ஒரு பகலில் முடிப்பது எளிதல்ல.

தெற்கே திருவேற்காட்டுக்குப் போனால் கூட்டம் முழுதும் கருமாரியம்மனுக்கு. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குறி சொல்பவளாக வந்த அம்மனைச் சூரியன் மதிக்காமல் ஒளியிழந்து, பிறகு மன்னிப்புக் கேட்டுத் தன் கிழமையையே அவளுக்குக் கொடுத்தான் என்பது ஞாயிற்றுக்கிழமைக்கான கதை. ஆனால் அதே ஊர் வேதபுரீசுவரர் கோயிலோடு சேர்ந்த மூர்க்க நாயனாரைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை. அறுபத்து மூவரில் சூதாடி இவர் ஒருவர்தான். அடியார்களுக்குச் சோறு போட்டுப் போட்டு நிலமெல்லாம் விற்றுத் தீர்ந்தது. கைவசம் மிச்சமிருந்த ஒரே வித்தை சூது. உள்ளூரில் ஆட ஆள் கிடைக்காமல் போனதும் ஊர் ஊராகப் போய்க் குடந்தை வரை ஆடினார். முதல் ஆட்டத்தை வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பார், அடுத்தடுத்து வெல்வார். வென்ற பணத்தைத் தர மறுத்தவனைச் சுரிகையால் குத்திவிடுவார். பணத்தைத் தாம் தொடாமல் சமைப்பவர்களிடம் சேர்த்துவிட்டு, அடியார்கள் உண்டபின் கடைசியாகச் சாப்பிடுவார். இந்த மனிதரைக் கொஞ்சமும் மெழுகிப் பூசாமல் எழுதியவர் சேக்கிழார். அவர் குன்றத்தூர்க்காரர், திருவேற்காடு அவருக்கு அண்டை ஊர். பக்கத்து ஊர்க்காரரைப் பற்றிய உண்மை அண்டை வீட்டாருக்குத் தெரியாமலா போகும்? கார்த்திகை மூலத்தில் அவருக்குக் குருபூசை. ஆன்லைன் ரம்மியைத் தடை செய்வதா வேண்டாமா என்று வாதாடும் காலத்தில், இந்தக் குருபூசைக்கு வரும் கூட்டம் குறைவாக இருப்பதும் ஒருவகையில் நல்லதுதான்.

கடைசியாகப் பூந்தமல்லி. பஸ் நிலையத்து இரைச்சலைத் தாண்டினால் வரதராஜப் பெருமாள் கோயில். இது திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். பிறந்த ஆண்டு 1009 என்பது வைணவ மரபு; மாசி மிருகசீரிடத்தில் அவதார உற்சவம். வைசியக் குடும்பம். அண்ணன்மார் தகப்பனார் கொடுத்த பொருளை வணிகத்தில் பெருக்க, இவர் தம் பங்கைப் பூந்தோட்டத்தில் போட்டு, பூவைக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோனார். நாள்தோறும் நடந்தே போனார் என்பார்கள். காஞ்சி இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். தினமும் போய்வந்தார் என்பதைப் பக்தியின் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் வாழ்வின் பெரும்பகுதி காஞ்சியில்தான் கழிந்தது.

வரதருக்கு அவர் செய்தது ஆலவட்டக் கைங்கரியம், அதாவது விசிறி வீசுவது. அதற்கொரு அழகான கதை உண்டு. முதலில் திருவரங்கம் போய்க் கேட்டாராம்; எனக்குக் காவிரிக் காற்று போதும் என்றார் அரங்கர். திருமலை போனார்; இங்கே மலைக் குளிரே தாங்கவில்லை என்றார் வேங்கடவர். நான் வேள்வித் தீயிலிருந்து வந்தவன், எனக்குத்தான் புழுங்குகிறது, நீ வந்து வீசு என்றார் வரதர். பூந்தமல்லிக் கோயிலில் வரதர், அரங்கர், சீனிவாசர் மூவருக்கும் சந்நிதி இருக்கிறது. முதுமையில் நடக்க முடியாமல் போன நம்பிக்காக மூவருமே இங்கு வந்துவிட்டார்கள் என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள்.

ஏழரைச் சனிக் கதையும் இவருடையதுதான். சனி பகவான் இவரைப் பிடிக்க வந்து அனுமதி கேட்டார். ஏழரை ஆண்டு என் கைங்கரியம் தடைப்படுமே, ஏழரை நாழிகை போதாதா என்று நம்பிகள் பேரம் பேசினார். சனியும் ஒப்புக்கொண்டார். அந்த ஏழரை நாழிகையில், நம் கணக்கில் மூன்று மணி நேரத்தில், வரதரின் ஆபரணம் காணாமல் போய், பழி நம்பிகள்மேல் விழுந்தது. நேரம் முடிந்ததும் நகை கிடைத்தது, பழி நீங்கியது. இன்றும் சனிப்பெயர்ச்சி நேரத்தில் பூந்தமல்லியைத் தேடி வருகிறவர்கள் இந்தக் கதையை நம்பித்தான் வருகிறார்கள்.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது இராமானுசரின் வீட்டில் நடந்த நிகழ்ச்சி. 1017இல் திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசர், நம்பிகளைத் தம் வீட்டுக்கு உணவுக்கு அழைத்தார். அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்பது இராமானுசரின் ஆசை. அவர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பிகள் வந்தார். இராமானுசரின் மனைவி தஞ்சமாம்பாள் அவருக்குப் பரிமாறி அனுப்பிவிட்டு, மிச்சத்தைக் கொட்டி, இடத்தைச் சாணமிட்டு மெழுகி, குளித்துவிட்டுக் கணவருக்கு வேறு சமையல் செய்தார். அந்தணர் வீட்டு வழக்கப்படி அவர் செய்தது பிழையல்ல. கணவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. இராமானுசர் இல்லறத்தை விட்டதற்கு மரபு சொல்லும் மூன்று நிகழ்ச்சிகளில் இது ஒன்று. இராமானுசருக்கு இருந்த ஐயங்களுக்கு வரதரிடம் கேட்டு ஆறு வார்த்தைகளில் பதில் கொண்டுவந்து கொடுத்தவரும் இந்தப் பூந்தமல்லிக்காரர்தான். பெரிய நம்பியைக் குருவாகக் கொள் என்பது அவற்றுள் ஒன்று. மாசி உற்சவத்தில் விசிறிக் கதையைச் சொல்லும் அளவுக்கு இந்தச் சாப்பாட்டுக் கதையைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

மாங்காட்டுக் காமாட்சியைப் பற்றி இந்தப் பகுதியில் எழுத இடமில்லை. அவளுக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். அடுத்த பகுதியில் பூந்தமல்லியிலேயே தங்கி, 1639இல் இங்கே இருந்துகொண்டு கடற்கரை விவகாரங்களைக் கவனித்துவந்த அய்யப்ப நாயக்கரைப் பார்ப்போம். சென்னைப்பட்டினத்துக்கான இடத்தை ஆங்கிலேயர் கேட்டபோது, அவருடைய அண்ணன் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர்தான் வந்தவாசியில் நாட்டை ஆண்டுவந்தார்.